ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பக் கடிதம்: நடுவில் தொடங்கி எழுதும் முறை

பட்டம் கையில் இருக்கிறது, வேலையும் ஓரளவு தெரியும், ரெஸ்யூமேகூடத் தயார். ஆனால் அதோடு சேர்த்து அனுப்ப வேண்டிய ஒரு பக்க ஆங்கிலக் கடிதத்தில் வந்து பலரும் முட்டி நிற்கிறார்கள். ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இல்லை. முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குவதில்தான் இருக்கிறது. முதல் வரிக்கு ஒன்றும் தோன்றாமல், எங்கோ கிடைத்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வரும் கடிதத்தைத் தினமும் படிப்பவருக்கு இரண்டாம் வரியிலேயே அது தெரிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம் கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் தேடுகிறது. விண்ணப்பிப்பவர் பி.காம். முடித்து, ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஓராண்டு வேலை பார்த்தவர். இரண்டும் கற்பனைதான். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு இணையப் படிவம்தான். இந்தக் கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை. இது தனியார் நிறுவனங்களுக்கு.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில், விளம்பரத்தின் முழு வாசகம். இணைப்பை மட்டும் சேமித்தால் போதாது. ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். நேர்காணலுக்கு அழைக்கும்போது அதில் என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. படமாகவோ கோப்பாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மதிப்பெண் பட்டியல். உங்கள் பெயரும் இனிஷியலும் அதில் எப்படி இருக்கின்றனவோ, கடிதத்திலும் ரெஸ்யூமேயிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மின்னஞ்சலில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால், சான்றிதழ் சரிபார்க்கும்போது வீண் கேள்விகள் வரும்.

மூன்றாவதாக, பெயரும் தேவைப்பட்டால் ஓர் எண்ணும் மட்டும் உள்ள மின்னஞ்சல் முகவரி. பள்ளி நாட்களில் நடிகர் பெயரைச் சேர்த்துத் தொடங்கியதை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் இணையதளத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். என்ன தயாரிக்கிறார்கள், எந்த நாடுகளுக்கு அனுப்புகிறார்கள், மனிதவளப் பிரிவில் யார் பெயர் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். நிறுவனர் வரலாறு வேண்டாம்.

2. விளம்பரத்தை இரண்டு பக்கமாகப் பிரியுங்கள்

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் அதற்கு நீங்கள் காட்டக்கூடிய சான்று. நம் விளம்பரத்தில் கேட்டிருப்பவை: பி.காம்., டாலி பிரைம் என்னும் கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்), எக்செல், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் திறன், உடனே சேர வேண்டும்.

வலப்பக்கத்துக்கு ஒரே விதி: அங்கே செய்த வேலை மட்டும் வர வேண்டும், குணம் வரக் கூடாது. ‘கடின உழைப்பாளி’, ‘நேரம் தவறாதவர்’ எல்லாம் குணங்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் படிப்பவர் எதையும் நம்பப்போவதில்லை. ‘மாதந்தோறும் வங்கிக் கணக்கைச் சரிபார்த்தேன்’ என்பது வேலை. அதைச் செய்யாதவரால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

சில கட்டங்கள் காலியாகவே இருக்கும். அதற்காகக் கவலைப்படாதீர்கள், பொய்யும் எழுதாதீர்கள். ‘கண்டிப்பாக’ என்று கேட்டதையும் ‘இருந்தால் நல்லது’ என்று கேட்டதையும் பிரித்துப் பாருங்கள். முதல் வகையில் பெரும்பகுதி நிரம்பியிருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். விளம்பரத்தில் முதலில் சொன்னதும் இரண்டு முறை சொன்னதும்தான் அவர்களுக்கு உண்மையில் வேண்டியவை, அவற்றை வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

3. நடுப் பத்தியை முதலில் எழுதுங்கள்

கடிதம் மொத்தம் மூன்று பத்திதான். அதன் உயிர் இந்த நடுப் பத்தியில். மற்ற இரண்டு பத்திகளும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். இது மட்டும் உங்களுடையது. இதை முதலில் எழுதிவிட்டால், முதல் பத்தியில் எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

வழக்கமாக வருவது இப்படி: ‘ஐ ஹேவ் குட் நாலெட்ஜ் இன் டாலி அண்ட் ஜிஎஸ்டி.’ இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் இதில் ஒரு செய்தியும் இல்லை. மூன்று மாத வகுப்புக்குப் போனவரும் இதைத்தான் எழுதுவார், பத்தாண்டு கணக்கு எழுதியவரும் இதைத்தான் எழுதுவார்.

இதையே செய்த வேலையாக மாற்றினால்: ‘ஐ என்டர்ட் பர்ச்சேஸ் அண்ட் சேல்ஸ் வவுச்சர்ஸ் இன் டாலி பிரைம் ஃபார் சிக்ஸ் கிளையண்ட்ஸ். எவ்ரி மந்த் ஐ மேட்ச்ட் தேர் பர்ச்சேஸ் பில்ஸ் வித் ஜிஎஸ்டிஆர்-2பி பிஃபோர் த ரிட்டர்ன் வாஸ் ஃபைல்ட்.’

கணக்குப் பிரிவு மேலாளர் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் நிறுவனங்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 என்றால் அடுத்த மாதம் 11-ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி என்றால் 20-ஆம் தேதி. உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் காட்டும் 2பி வருவது 14-ஆம் தேதி. அந்த 14-க்கும் 20-க்கும் இடையில், பில் இருக்கிறது ஆனால் 2பி-யில் காணோம் என்று சப்ளையருக்குப் போன் மேல் போன் போட்டவருக்குத்தான் இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். மேலாளருக்குத் தெரியும். நீங்களும் அதே அவதியைப் பட்டவர் என்பதை அவரும் புரிந்துகொள்வார்.

இப்போது அவர்கள் தொழிலோடு ஒரு முடிச்சுப் போடுங்கள். இது ஏற்றுமதி நிறுவனம். ஏற்றுமதியாளர்கள் பலர் எல்.யு.டி. என்னும் உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டு ஐ.ஜி.எஸ்.டி. என்னும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வரியைக் கட்டாமலேயே சரக்கு அனுப்புவார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படி ஒருவருடைய கணக்கை நீங்கள் பார்த்திருந்தால், அதைச் சொல்லுங்கள்: ‘ஒன் ஆஃப் தீஸ் கிளையண்ட்ஸ் எக்ஸ்போர்ட்ஸ் கார்மெண்ட்ஸ் அண்டர் எல்யுடி, ஸோ ஐ ஆம் ஃபெமிலியர் வித் எக்ஸ்போர்ட் இன்வாய்சஸ்.’ என் கணக்கில் இந்த ஒரு வரிதான் கடிதத்தின் விலை. வாடிக்கையாளர் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். முந்தைய இடத்தின் ரகசியத்தைக் கடிதத்திலேயே போட்டு உடைப்பவரைக் கணக்குப் பிரிவில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போதுதான் படிப்பு முடிந்தது, வேலையே பார்த்ததில்லை என்றால்? அப்போதும் விதி அதேதான். கல்லூரிப் புராஜெக்டில் எந்தக் கடையின் எந்தக் கணக்கை எடுத்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டை எக்செலுக்கு மாற்றியிருந்தால் அதுவும் வேலைதான். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தால் ஒரு வரி. மூன்று சான்றுகள் போதும். நான்காவது வந்தால் அது ரெஸ்யூமேக்குப் போகட்டும். ரெஸ்யூமேயை அப்படியே வாக்கியங்களாக்கி ஊற்றுவதுதான் புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு.

4. பிறகு முதல் பத்தி

இரண்டு வாக்கியங்கள். எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள், நீங்கள் யார். ‘ஐ ஆம் அப்ளையிங் ஃபார் த போஸ்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டண்ட், அட்வர்டைஸ்ட் ஆன் யுவர் வெப்சைட் ஆன் 3 ஜூன். ஐ ஆம் எ காமர்ஸ் கிராஜுவேட் வித் எ இயர் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் இன் அன் ஆடிட்டர்ஸ் ஆஃபிஸ் இன் ஈரோடு.’

வேலையின் பெயரை விளம்பரத்தில் இருந்தபடியே எழுதுங்கள். ஒரே நேரத்தில் நான்கு பதவிகளுக்கு ஆள் எடுப்பவர், உங்கள் கடிதத்தை எந்தக் கட்டில் வைப்பது என்று முதல் வரியில்தான் தேடுவார். விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதையும் சேருங்கள்.

‘ஐ கேம் டு நோ த்ரூ ரிலையபிள் சோர்சஸ் தட் தேர் இஸ் எ வேகன்சி’ என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் வாக்கியம். நம்பத் தகுந்த வட்டாரம் யார்? அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு பெயரையே எழுதுங்கள். அது உங்களுக்கு ஆதாயம். பெயர் சொல்ல அவர் தயங்கினால், வேலை காலியா என்று நேரடியாகக் கேட்பதுபோல் எழுதிவிடலாம்.

பட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.காம். சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் ஒருவர் அதைப் பார்த்ததும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி என்று நினைத்துக்கொள்வார். கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது சின்னக் குழப்பம் இல்லை, ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்றுகூடத் தோன்றலாம். சுருக்காமல் முழுதாக எழுதிவிடுங்கள்.

5. கடைசிப் பத்தி

எப்போது சேர முடியும் என்பதைச் சொல்லி, நன்றி சொல்லி முடியுங்கள். ‘ஐ ஆம் ஆன் எ தர்ட்டி-டே நோட்டீஸ் பீரியட்’ என்று உள்ளதைச் சொல்வது நல்லது. உடனே வருகிறேன் என்று எழுதிவிட்டு, அழைத்த பிறகு ஒரு மாதம் கேட்டால் பேச்சு அங்கேயே கசந்துவிடும். சம்பளத்தை, கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

குடும்பச் சுமை, தங்கை கல்யாணம், வேலை கிடைத்தால் வாழ்நாள் முழுதும் நன்றியோடு இருப்பேன் என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் கையில் இருப்பது ஒரு காலியிடம், அதை நிரப்பும் பொறுப்பு. அவரைத் தர்மசங்கடப்படுத்தினால் அடுத்த கடிதத்தை எடுத்துக்கொள்வார்.

6. தலைப்பகுதியும் கையெழுத்தும்

பள்ளியில் படித்த அனுப்புநர், பெறுநர் வடிவம் தப்பில்லை, ஆனால் ‘ஃப்ரம்’, ‘டு’ என்ற சொற்களைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. மேலே உங்கள் முகவரி, போன், மின்னஞ்சல், அடுத்து தேதி, அடுத்து அவர்கள் முகவரி, எல்லாம் இடப்பக்க ஓரத்திலிருந்து. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

விளிப்பும் முடிப்பும் ஜோடியாக வரும். பெயர் தெரியாமல் ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பெயர் தெரிந்து ‘டியர் மிஸ்டர்’ என்றோ ‘டியர் மிஸ்’ என்றோ பெயரோடு தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பெண்களுக்கு எம், எஸ் என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை எழுதுங்கள். மணமானவரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. எத்தனை திருத்தினாலும் அது திரும்பத் திரும்ப வரும் பிழை.

தமிழ்ப் பெயரில் இனிஷியல் பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஆகவே ஒருவரை விளிக்கும்போது இனிஷியலை விரித்து அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டால், அவருடைய அப்பாவுக்குக் கடிதம் எழுதியதாகிவிடும். இனிஷியலை விட்டுவிட்டு அவர் பெயரையே போடுங்கள்.

‘ரெஸ்பெக்டட் சார்’, ‘யுவர்ஸ் ஒபீடியண்ட்லி’ இரண்டும் தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதிய காலத்தோடு நிற்கட்டும்.

7. களைய வேண்டிய சொற்றொடர்கள்

மூன்று பத்தியும் வந்த பிறகுதான் களையெடுப்பு. எழுதும்போதே திருத்தினால் எழுத்து நகராது.

‘மைசெல்ஃப்’ என்று சொல்லிப் பெயரைச் சேர்க்காதீர்கள். பெயர் கீழே கையெழுத்தில் இருக்கிறது. ‘யுவர் எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்’ என்பதற்குப் பதில் நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். புகழ்ச்சியைவிட, பெயரைச் சரியான எழுத்தில் எழுதியிருக்கிறார் என்பதுதான் கண்ணில் படும். ‘ஃபார் யுவர் கைண்ட் பெருசல்’, ‘டூ த நீட்ஃபுல்’, ‘ஹியர்வித்’ எல்லாம் பழைய அரசு அலுவலக மொழி. ‘ரிவர்ட் பேக்’ வேண்டாம், ‘ரிப்ளை’ போதும். ‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு. ‘டிஸ்கஸ்’ தனியாகவே வரும். ‘பாஸ்ட் அவுட் இன் 2023’ என்பது நமக்குப் பட்டம் பெற்றது, வெளிநாட்டவருக்கு மயங்கி விழுந்தது. ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள்.

‘மேலே சொன்னதெல்லாம் உண்மை’ என்ற உறுதிமொழி ரெஸ்யூமேயின் அடியில் வருவது. கடிதத்தில் வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு வகைக் களை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் எழுதி வாங்கிய கடிதங்கள். பிழை இருக்காது, ‘த்ரில்ட்’, ‘டைனமிக்’, ‘பேஷனேட்’ என்று பொங்கி வழியும். டாலியில் வவுச்சர் போட யாரும் அவ்வளவு பரவசப்படுவதில்லை. பிழை திருத்த அந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள், தாராளமாக. ஆனால் நடுப் பத்தியின் செய்தி உங்களிடமிருந்து வர வேண்டும். அது அதற்குத் தெரியாது.

8. காலத்தைச் சரிபாருங்கள்

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது கால் இடறும் இடம் வினைச்சொல்லின் காலம். மூன்றே மூன்றைப் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் போய்விடும்.

‘ஐ ஆம் ஹேவிங் ஒன் இயர் எக்ஸ்பீரியன்ஸ்’ தவறு. உடைமையைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ்’ மட்டும்.

‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023’ தவறு. ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ வராது: ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023.’

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஒன் இயர்’ தவறு. இன்னும் தொடரும் வேலைக்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் எ இயர்.’ தொடங்கிய தேதியைச் சொன்னால் ‘சின்ஸ்’, கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’. வேலையை விட்டுவிட்டால் எல்லாம் இறந்த காலம்.

நீண்ட வாக்கியத்தில் ஐயம் வந்தால் இரண்டாக உடைத்துவிடுங்கள். குட்டி வாக்கியம் எழுதுபவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை.

9. ஒரு நாள் ஆறப்போட்டு, உரக்கப் படியுங்கள்

எழுதிய சூட்டில் படித்தால், எழுதியது கண்ணில் படாது. எழுத நினைத்ததுதான் படும். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம் என்று பொருள். பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்புபவர்கள், முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தனியாகத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு கடிதம் போனால் அதற்குப் பரிகாரமே இல்லை.

மொத்தம் 250 முதல் 300 சொற்கள், ஏ4 தாளில் ஒரு பக்கம். அதைத் தாண்டினால் நடுப் பத்தியில்தான் எதையாவது வெட்ட வேண்டியிருக்கும்.

10. அனுப்பும் வரிசை

மின்னஞ்சலில் அனுப்பினால் கடிதத்தை உள்ளேயே ஒட்டுங்கள். தனிக் கோப்பாகக் கேட்டிருந்தால் மட்டும் இணையுங்கள். தலைப்பகுதி முகவரிகளும் தேதியும் இங்கே தேவையில்லை, விளிப்பிலிருந்து தொடங்கலாம். உள்ளே ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு இணைப்புகளை மட்டும் அனுப்புவது, ஆளைப் பார்த்து ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் கவரை நீட்டுவதைப் போன்றது.

ரெஸ்யூமே பி.டி.எஃப். ஆக இருக்கட்டும், வேர்டு கோப்பு அவர்கள் கணினியில் கலைந்துபோகலாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2’ என்று வந்தால், அவர்கள் சேமித்த பிறகு உங்களுடையது எது என்று தேட மாட்டார்கள். பொருள் வரியில் பதவி, உங்கள் பெயர், குறிப்பு எண்.

முதலில் கோப்பை இணையுங்கள், பிறகு கடிதத்தை ஒட்டுங்கள், பெறுநர் முகவரியை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுங்கள். முகவரி இல்லாத மின்னஞ்சல் தவறிப்போய்ப் பறந்துவிடாது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 30 நொடி வரை கூட்டி வைக்கலாம், வைத்துவிடுங்கள். ஒரே மின்னஞ்சலில் இருபது நிறுவனங்களின் முகவரியைச் சேர்த்து அனுப்புவதைவிட அனுப்பாமலே இருந்துவிடலாம்.

ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் கேட்காமல் இணைக்காதீர்கள். முதல் கட்டத்தில் அவை யாருக்கும் தேவைப்படுவதில்லை, தவறான கைக்குப் போனால் உங்களுக்குத்தான் தொல்லை.

11. அனுப்பிய பிறகு

கடைசித் தேதி கழிந்து ஒரு வாரம் பொறுங்கள். பிறகு அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, எந்தப் பதவிக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று இரண்டு வரி. புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் அவர்கள் பழையதைத் தேட வேண்டும், தேட மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படத்தோடு நினைவூட்டாதீர்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் புதிய தாளில் கோடு போடுங்கள்.

பதில் வந்து, அதில் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று ஏதாவது கேட்டிருந்தால் அந்த இடத்துக்கு மேற்கொண்டு எதுவும் எழுதாதீர்கள். ஒழுங்கான நிறுவனம் ஆளை எடுக்க ஆளிடமே காசு கேட்காது.